தூசி சார் ரெக்கார்டு கழுவ மிஷின் வாங்கினது

எனக்கு முட்டி வலிக்குதுன்னு சொன்னப்போ எங்க வீட்டுக்காரர் ஒரு தைல பாட்டிலை வாங்கிட்டு வந்து மேஜை மேல வச்சார். அதோட வைத்தியம் முடிஞ்சுது. அதே மனுஷன், பாட்டு ரெக்கார்டுல இரைச்சல் கேக்குதுன்னு, அதைக் கழுவுற மிஷின்லயே உசத்தியான மிஷின் எதுன்னு பார்க்க கடை கடையா ஏறி இறங்கினார். பக்கத்து ஊருக்கு ரயில் ஏறினார். வலிக்கிற முட்டியோட என்னையும் இழுத்துக்கிட்டுப் போனார். வயித்தெரிச்சல்ல பேசறேன்னு நினைப்பீங்க. வயித்தெரிச்சல்தான், இல்லைங்கலை. ஆனா முழுசாக் கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க, நான் யார் மேல கோவப்படறதுன்னு.

எங்க குடியிருப்புல அவருக்குப் பேர் தூசி சார். வீட்டுக்கு யாராவது வந்தா, உக்காருங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு ரெக்கார்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சு, "பாருங்க, தூசி"ம்பார். வந்தவங்க என்னத்தைக் கண்டாங்க? கறுப்பா வட்டமா ஒரு தட்டு. "ஆமா சார், தூசி"ன்னு சொல்லி வைப்பாங்க. அப்படியே அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு. வெளியூர்ல இருக்கிற எங்க பொண்ணு கூட போன்ல, "தூசி என்னம்மா பண்றார்?"னு கேப்பா. "தூசி தட்டிக்கிட்டிருக்கார்"னு நான் சொல்லுவேன். ரெண்டு பேரும் சிரிப்போம்.

அவர் வேலை பார்த்தது குளிர்பானம் அடைக்கிற கம்பெனியில. கண்ணாடி பாட்டிலுங்க பெல்ட்டுல வரிசையா வரும், கழுவப்படும், நிரம்பும், மூடி போட்டுக்கும். ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிட்டு அதுங்க போடற சத்தம் இருக்கே, அடேயப்பா! வீட்டுச் சாவியை மறந்துட்டுப் போயிட்டார்னு ஒரே ஒரு தடவை நான் உள்ள போயிருக்கேன். என் பல்லெல்லாம் கூசிடுச்சு. வெளிய வந்தும் ரொம்ப நேரம் யார் பேசறதும் காதுல விழலை. இவர் அதுக்கு நடுவுல நின்னு முப்பது வருஷத்துக்கு மேல பொழைச்சார். காதுல வச்சுக்கன்னு கம்பெனியில பஞ்சு மாதிரி ஒண்ணு கொடுப்பாங்க. இவர் அதைப் பேன்ட் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு வந்துடுவார். துவைக்கப் போட்டா துண்டு துண்டா என் கையில வரும். "ஏங்க, இதைக் காதுல வைக்கத்தானே கொடுத்தாங்க?"ன்னா, "காதை அடைச்சுக்கிட்டா பெல்ட்டுல பாட்டில் சிக்கி லைன் நிக்கிறது எனக்கு எப்படித் தெரியும்? உனக்கென்ன, வீட்ல உக்காந்துக்கிட்டு"ன்னு கத்துவார். கோவத்துல கத்தறது இல்லை. அவர் பேசறதே அப்படித்தான். பக்கத்து வீட்ல புதுசா யார் குடி வந்தாலும் முதல் மாசம் நாங்க சண்டை போடறோம்னு நினைப்பாங்க.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவிட்டு நேரா ரெக்கார்டு கிட்டதான் போவார். கல்யாணமான புதுசுல என்னையும் பக்கத்துல உக்கார வச்சு, கண்ணை மூடிக்கிட்டுக் கேளுன்னார். கேட்டேன். "என்ன வாத்தியம் சொல்லு?"ன்னார். வயலின்னேன். அது புல்லாங்குழலாம். அன்னைக்கே தீர்ப்பு எழுதிட்டார், "உனக்குக் காது இல்லை." அதை எங்க அம்மா வீட்ல சொன்னார், அவங்க அம்மா வீட்ல சொன்னார், பொண்ணு பொறந்ததும் அதுகிட்ட கூட சொன்னார். சரி, இல்லைன்னா போகுது, காது இல்லாமலே உங்களுக்கு இத்தனை வருஷம் வடிச்சுக் கொட்டலையான்னு நானும் விட்டுட்டேன்.

ஆனா அவருக்கு வேண்டியது பாட்டு இல்லை. இதை நான் ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுக்கிட்டேன். ஊசி ரெக்கார்டைத் தொட்டதுக்கும் பாட்டு ஆரம்பிக்கிறதுக்கும் நடுவுல கொஞ்ச நேரம் ஒண்ணுமே இருக்காது. அந்த ஒண்ணுமில்லாததுதான் அவருக்கு வேணும். "அங்கதான்டி மனுஷனுக்கு மூச்சு வருது"ன்னு ஒரு தரம் சொன்னார். கம்பெனியில பாட்டில் சத்தம், பஸ்ல ஹாரன் சத்தம், வீட்ல என் சத்தம். எல்லாத்தையும் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாங்கினதே, ரிட்டயர் ஆனதும் ஒரு நாற்காலி போட்டு உக்காந்து அந்த அமைதியை இஷ்டத்துக்குக் கேக்கலாம்னுதான். வேற எதுக்கும் ஆசைப்பட்ட மனுஷன் இல்லை. நல்ல சட்டை வேணும்னு கூட என்கிட்ட கேட்டதில்லை.

ரிட்டயர் ஆனார். மாலை போட்டாங்க, கடிகாரம் கொடுத்தாங்க, வீட்ல கொண்டு வந்து விட்டாங்க. மறுநாள் காலையில குளிச்சு, துவைச்ச சட்டை போட்டுக்கிட்டு, நாற்காலியை நடு ஹால்ல போட்டார். ஃபேனை நிறுத்தச் சொன்னார். ஒரு அம்மா எந்த வாத்தியமும் இல்லாம தனியாப் பாடின ரெக்கார்டு ஒண்ணு இருக்கு, அவருக்கு உசிரு. அதை வச்சார். கண்ணை மூடினார். உடனே எழுந்துட்டார்.

"என்னங்க?"

"இரைச்சல்."

"என்ன இரைச்சல்?"

"ஸ்ஸ்ஸ்னு... கேக்கலை உனக்கு? உனக்கெங்க கேக்கப் போகுது."

எனக்கு நிஜமாவே ஒண்ணும் கேக்கலை. அந்த அம்மா பாடறது மட்டும்தான் கேட்டுச்சு.

வேற ரெக்கார்டு மாத்தினார், அதுலயும் இரைச்சல். இன்னொண்ணு, அதுலயும். சாயங்காலத்துக்குள்ள ஹால் முழுக்க உறை பிரிச்சுப் போட்டிருந்தார், நடக்க வழி இல்லை. என் பேச்சை நம்பாம நெட்டை அண்ணனுக்குப் போன் போட்டார். நெட்டை அண்ணன் இவர் கூடவே அதே லைன்ல, எதிர்ப் பக்கம் மூடி போடற மிஷின்ல நின்னவர். ஒரு வருஷம் முன்னாடி ரிட்டயர் ஆனவர். ஆளு கதவு உயரம், மனசு குழந்தை. அவருக்கும் ரெக்கார்டு பைத்தியம். இவங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டா கீழ் வீட்டுல ஜன்னலைச் சாத்துவாங்க.

அண்ணன் வந்தார், உக்காந்தார், கண்ணை மூடினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னேன்.

"ஆமாடா, இருக்கு"ன்னார். "ஸ்ஸ்ஸ்னு ஒரே சீரா வருது. என் வீட்டு ரெக்கார்டுலயும் இப்போல்லாம் இப்படித்தான்."

எங்க வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார் பாருங்க ஒரு பார்வை. ஜெயிச்சுட்டாராம்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே அண்ணே"ன்னேன்.

"தங்கச்சி, நீங்க போய் டீ போடுங்க"ன்னார் நெட்டை அண்ணன். நல்லவிதமாத்தான் சொன்னார். ஆனா டீத்தூள் டப்பாவை நான் வச்ச வைப்புல மூடி தெறிச்சு விழுந்துச்சு.

ரெண்டு பேரும் உக்காந்து ஆராய்ச்சி பண்ணினாங்க. தூசின்னா டிக் டிக்னு விட்டு விட்டு வருமாம். இது விடாம வருது, அதனால தூசி இல்லை. இத்தனை வருஷமா சமையலறைத் தொட்டியில வச்சு சோப்புத் தண்ணியில ரெக்கார்டு கழுவினாரே, அந்த சோப்பு காய்ஞ்சு, ஊசி ஓடற வரிக்குள்ள படிஞ்சு போயிருக்காம். கடைசியில பழி எங்க வந்து விழுந்துச்சு பாருங்க. நான் வாங்கற பாத்திர சோப்பு மட்டமாம். இதைக் கையால எடுக்க முடியாது, இதுக்குன்னே மிஷின் இருக்கு, அதுலயும் சாதா மிஷின் ஆகாது, பெரிய ஸ்டூடியோக்காரங்க வச்சிருக்கிற உசத்தி மிஷின்தான் வேணும்னு முடிவு பண்ணினாங்க. ரிட்டயர் ஆனப்போ வந்த பணத்துல வாங்கிடலாம்னார் இவர். குளியலறைத் தரை பேர்ந்து கிடக்குதுன்னு சொல்லிப் பார்த்தேன். காதுலயே போட்டுக்கலை.

பொண்ணுகிட்ட போன்ல சொன்னேன். அவ ஒரே வார்த்தையில, "அம்மா, அப்பாவைக் காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ"ன்னா. இவர் போனைப் பிடுங்கிக்கிட்டார். "என் காதுக்கு என்னடி? இந்தக் காதை வச்சுத்தான் உன்னைப் படிக்க வச்சேன். எனக்குக் காது கேக்கலைன்னா இரைச்சல் எப்படிக் கேக்கும்? செவிடனுக்கு இரைச்சல் கேக்குமா?"ன்னு ஒரு சத்தம். எனக்கும் யோசிச்சுப் பார்த்தா நியாயமாத்தான் பட்டுச்சு.

நாலஞ்சு கடை பார்த்து எதுவும் பிடிக்காம, பக்கத்து ஊர்க் கடைக்கு நெட்டை அண்ணனோட நாங்க மூணு பேரும் போனோம். கடைக்காரம்மா தலைமுடியைக் குட்டையா வெட்டிக்கிட்டு, கண்ணாடியைக் கயித்துல மாட்டியிருந்தாங்க. நல்ல மாதிரி. எனக்கு ஒரு நாற்காலி போட்டு, காலை நீட்டிக்க ஸ்டூலும் கொடுத்தாங்க. பின்னாடி பாட்டு கேக்கறதுக்குன்னு தனி ரூம், சுவரெல்லாம் கெட்டித் திரை. உள்ள போனா நம்ம மூச்சு நமக்கே கேக்குது. இவர் தன்னோட ரெக்கார்டை, அதான் அந்த அம்மா தனியாப் பாடினதை, துண்டுல சுத்தி மடியில வச்சே கொண்டு வந்திருந்தார்.

முதல் மிஷின், ரெக்கார்டு மேல மருந்துத் தண்ணி ஊத்தி பிரஷ்ஷால தேய்ச்சு, ஒரு குழாயால உறிஞ்சற மிஷின். உறிஞ்ச ஆரம்பிச்சதும் போட்ட சத்தத்துல நான் காதைப் பொத்திக்கிட்டேன். கடைக்காரம்மாவும் முகத்தைச் சுளிச்சாங்க. எங்க ஆளுங்க ரெண்டு பேரும் அது மேல குனிஞ்சு, காலை நேரக் காத்து வாங்கற மாதிரி நின்னாங்க. ரெண்டாவது மிஷின்ல குழாய் நுனியில ஒரு பருத்தி நூல். வரி வரியா அந்த நூல் மேஞ்சு அழுக்கை எடுக்கும், அழுக்கான நூல் சுருட்டிக்கிட்டுப் போய் புது நூல் வரும். நெட்டை அண்ணன் அதுலயே மயங்கிட்டார். மூணாவதுதான் எல்லாத்தையும் விட உசத்தி. தண்ணித் தொட்டிக்குள்ள ரெக்கார்டு நின்னாப்ல சுத்தும். நம்ம காதுக்குக் கேக்காத சத்தத்தை அந்தத் தண்ணிக்குள்ள அனுப்புவாங்களாம், அது பொடிப்பொடியா நுரை கிளப்பி வரிக்குள்ள இருக்கிறதையெல்லாம் தள்ளிடுமாம். அப்புறம் அதுவே காத்தடிச்சுக் காய வச்சுடும். கை படவே வேண்டாம்.

ஒவ்வொரு மிஷின்ல கழுவினதுக்கு அப்புறமும் அந்தத் திரை போட்ட ரூம்ல போய்க் கேட்டோம்.

"சார், ரொம்ப சுத்தமா இருக்கு. ஒரு பொட்டு சத்தம் இல்லை"ன்னாங்க கடைக்காரம்மா.

"இருக்கும்மா"ன்னார் இவர்.

"இருக்கு"ன்னார் நெட்டை அண்ணன். "ஆனா நூல்ல கொஞ்சம் குறைஞ்சுதுடா."

"நூல்ல எங்கடா குறைஞ்சுது? தண்ணியிலதான் குறைஞ்சுது."

"போடா, நூல்லதான்."

அந்த ரூம்ல இவங்க போட்ட கூச்சல்ல வெளிய இருந்தவங்க எட்டிப் பார்த்தாங்க. கடைக்காரம்மா மறுபடியும் குனிஞ்சு கேட்டாங்க, சத்தத்தைக் கூட்டிக் கேட்டாங்க, அப்புறம் மெதுவா என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. நான் இல்லைன்னு தலையாட்டினேன். அவங்க முகம் மாறிடுச்சு. "சார், தப்பா எடுத்துக்காதீங்க, ஒண்ணு கேக்கலாமா..."ன்னு ஆரம்பிச்சாங்க. "அந்தக் கடைசி மிஷினையே கட்டிக் கொடுங்கம்மா"ன்னுட்டார் இவர். அந்தம்மா விக்க மனசே இல்லாமத்தான் வித்தாங்க. "கொஞ்ச நாள் வச்சுப் பாருங்க சார், வேண்டாம்னா எப்ப வேணும்னாலும் திருப்பிக் கொண்டு வாங்க"ன்னு வாசல் வரைக்கும் வந்து சொன்னாங்க. சொன்னது அவர்கிட்ட. பார்த்தது என்னை.

மிஷின் வந்து சாப்பாட்டு மேஜையைப் பிடிச்சுக்கிச்சு. நாங்க தட்டை மடியில வச்சுக்கிட்டு சாப்பிட்டோம். ஒரு ரெக்கார்டையும் விடக்கூடாது, எல்லாத்தையும் கழுவி முடிச்சுட்டுத்தான் கேப்பேன்னு ஒத்தக் கால்ல நின்னார். காலையில கடையில வாங்கின சுத்தத் தண்ணியைத் தொட்டியில ஊத்துவார். ரெக்கார்டை ஓரத்துல மட்டும் ரெண்டு உள்ளங்கையால பிடிச்சு இறக்குவார். அது சுத்தறதைக் குனிஞ்சு பார்த்துக்கிட்டே நிப்பார். காய்ஞ்சு வந்ததும் வெளிச்சத்துல பிடிச்சா முகம் தெரியும். புது உறையில போட்டு, மேல தேதி எழுதி வைப்பார். நான் எத்தனை திட்டினாலும் சொல்றேன், அந்தக் கொஞ்ச நாள் அவரைப் பார்க்க எனக்கு நல்லா இருந்துச்சு. சின்னதா ஏதோ முனகிக்கிட்டு வேலை பார்ப்பார். "இந்தா, இதைப் பாரேன்"னு என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். வேலைக்குப் போன காலத்துல கூட என்னை அப்படிக் கூப்பிட்டுக் காட்டினதில்லை. கழுவிக்கிட்டே இருக்கிற வரைக்கும் அவருக்கு நம்பிக்கை இருந்துச்சு. எனக்கோ உள்ளுக்குள்ள பயமா இருந்துச்சு. இது முடிஞ்சா என்ன பண்ணப் போறார்னு.

முடிஞ்சுது. கேட்டார். இரைச்சல் அப்படியே இருந்துச்சாம்.

அன்னைக்கு சாப்பிடலை. மறுநாள், "அப்போ ரெக்கார்டு இல்லை, பிளேயர்"னுட்டார். ஃபிரிட்ஜை நிறுத்தச் சொன்னார், கரண்ட்ல இருந்து வருதோன்னு. பால் திரிஞ்சுது. வயரை மாத்தினார், ஊசியை மாத்தினார். பிளேயரைக் கழட்டி செய்தித்தாள் மேல பரப்பி, ஒவ்வொரு சாமானாத் துடைச்சு எண்ணெய் போட்டு மாட்டினார். ஊசி இருக்கிற கையை மெதுவா இறக்கி வைக்க ஒரு சின்ன நெம்பு இருக்கு. அதுக்கும் வஞ்சனையில்லாம எண்ணெய். கெட்டி எண்ணெய் போட்டுட்டார் போல, அது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியலை.

மத்தியானம் நெட்டை அண்ணனைக் கூப்பிட்டார். ஃபேனை நிறுத்தியாச்சு. ரெண்டு நாற்காலி. நான் சமையலறை வாசல்ல துண்டால கையைத் துடைச்சுக்கிட்டு நின்னேன். எப்பவும் போல, ரெக்கார்டு சுத்த ஆரம்பிச்சதும் ஊசிக் கையை அதோட ஓரத்துக்கு மேல நகர்த்தி, நெம்பைத் தட்டிவிட்டு, வந்து உக்காந்து கண்ணை மூடிக்கிட்டார். அண்ணனும் மூடிக்கிட்டார்.

நான் பார்த்துக்கிட்டே இருக்கேன். ரெக்கார்டு சுத்துது. ஊசிக் கை அதுக்கு மேல நிக்குது. நெம்பு எண்ணெய்ல சிக்கி, இறங்கவே இல்லை. ஊசிக்கும் ரெக்கார்டுக்கும் நடுவுல இடைவெளி எனக்கு வாசல்ல இருந்தே தெரியுது.

எங்க வீட்டுக்காரர் ஒரு விரலைத் தூக்கினார். "கேளு... இதோ. இன்னும் இருக்கு பாரு."

நெட்டை அண்ணன் கண்ணைத் திறக்காமலே தலையாட்டினார். "இருக்குடா. ஆனா முன்னைக்கு இப்போ எவ்வளவோ தேவலை."

ஐயோ, நான் கையில இருந்த துண்டால வாயைப் பொத்திக்கிட்டேன். சிரிக்கிற விஷயம்தான். வேற யார் வீட்லயாவது நடந்திருந்தா நான் விழுந்து விழுந்து சிரிச்சிருப்பேன். ரெண்டு பெரிய மனுஷங்க, கண்ணை மூடிக்கிட்டு, ஒண்ணுமே ஓடாத மிஷினுக்கு முன்னாடி உக்காந்து, கூடுது குறையுதுன்னு பேசிக்கிட்டிருக்காங்க. சொல்லாம விட்டுடலாமான்னு தோணுச்சு. விட்டா நாளைக்கு சுவரை இடிப்பார் இந்த மனுஷன்.

"ஏங்க"ன்னேன். "ஊசி இன்னும் இறங்கலைங்க."

"ஸ்... பேசாதீங்க தங்கச்சி"ன்னார் நெட்டை அண்ணன்.

இவர் கண்ணைத் திறந்தார். பிளேயரைப் பார்த்தார். எழுந்து கிட்டப் போய், குனிஞ்சு, ஊசிக்கும் ரெக்கார்டுக்கும் நடுவுல தன் சுண்டு விரலை நீட்டிப் பார்த்தார். அப்புறம் பிளேயரை நிறுத்தினார். ஸ்பீக்கர் பெட்டியை நிறுத்தினார். சுவத்துல இருந்து வயரைப் பிடுங்கினார். வயரைக் கையில வச்சுக்கிட்டே காதைக் கொடுத்துக் கேட்டார். கடைசியா அதைக் கீழ போட்டுட்டு ரெண்டு உள்ளங்கையாலயும் காதைப் பொத்திக்கிட்டார்.

பொத்தினா அது இன்னும் பெருசாக் கேக்கும்னு அப்புறம்தான் எனக்குச் சொன்னார்.

நெட்டை அண்ணன், "என்னடா? என்னடா ஆச்சு?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். புரிஞ்சதும் ஒரு சிரிப்புச் சிரிச்சார், பாதியில நின்னு போச்சு. போட்டு வச்ச டீயைக் குடிக்காம செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார். அதுக்கப்புறம் ரொம்ப நாள் எங்க வீட்டுப் பக்கம் வரலை. அவர் மேல எனக்கு வருத்தம் இல்லை. அவர் வீட்லயும் ஒரு நாற்காலி இருக்கே, அதே இரைச்சலும் இருக்கே.

பொண்ணு வந்து டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனா. இந்தத் தடவை அவர் சண்டை போடாம வந்தார். டாக்டர் சின்ன வயசுப் பையன், பொறுமையாப் பார்த்தார். காதுக்குள்ள லைட் அடிச்சு ரெண்டு பக்கமும் பார்த்துட்டு, "காது நல்லா சுத்தமா இருக்குங்க"ன்னார். நான் தலையில அடிச்சுக்கிட்டேன், நிஜமாவே அடிச்சுக்கிட்டேன். பொண்ணு என் கையைப் பிடிச்சா.

உள்ள ரொம்ப ஆழத்துல மெல்லிசா முடி மாதிரி இருக்குமாம். வருஷக்கணக்கா பாட்டில் சத்தத்துல நின்னதுல அது செத்துப் போயிருக்காம். செத்தது திரும்ப முளைக்காது. அந்த ஸ்ஸ்ஸ் வெளிய இருந்து வரலை, அவருக்குள்ளயே வருது. கம்பெனியில இருந்த வரைக்கும் பாட்டில் சத்தம் அதை மறைச்சு வச்சிருக்கு. அந்தச் சத்தம் நின்னதும் இது தெரியுது.

"இதைச் சரி பண்ண மிஷின் எதுவும் இல்லீங்களா டாக்டர்?"னு கேட்டார். முப்பது வருஷம் கத்திப் பேசின மனுஷன், அவ்வளவு சின்னக் குரல்ல.

"காதுல மாட்டிக்கிற மிஷின் தரலாங்க, மத்தவங்க பேசறது நல்லாக் கேக்கும். ஆனா இரைச்சல் போகாது. பழகிக்கணும். முக்கியமா ஒண்ணு, அமைதியான இடத்துல மட்டும் உக்காராதீங்க. ஃபேன் ஓடட்டும், ரேடியோ ஓடட்டும். ஏதாவது சத்தம் பக்கத்துல இருந்துக்கிட்டே இருக்கணும்."

வர்ற வழியெல்லாம் அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டே வந்தார். பொண்ணுதான் அழுதா.

இப்போ எங்க வீட்ல ஃபேன் நிக்கறதே இல்லை. குளிர் காலத்துலயும் போர்வையைப் போத்திக்கிட்டு ஃபேனைப் போட்டுக்கறோம். சமையலறையில ரேடியோ ஏதோ கத்திக்கிட்டிருக்கும். நான் நிறுத்த மாட்டேன். முன்னல்லாம் நான் பேச ஆரம்பிச்சா எழுந்து போயிடுவார். இப்போ பக்கத்துல வந்து உக்காந்துக்கறார். பேசு, ஏதாவது பேசுங்கறார். என்னத்தைப் பேச? காய் விலையைப் பேசறேன், கீழ் வீட்டுக்காரி துணி காயப்போடற அழகைப் பேசறேன். பேசிப் பேசித் தொண்டை காஞ்சு போகுது.

மிஷினைத் திருப்பிக் கொடுத்துடலாமான்னு கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும்னார். மேல ஒரு துணியைப் போட்டு மூடி வச்சிருக்கார். ரெக்கார்டெல்லாம் அலமாரியில, புது உறைக்குள்ள, தேதி எழுதினபடியே வரிசையா நிக்குது.

போன வாரம் ஒரு மத்தியானம் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அந்த அம்மா தனியாப் பாடினதை எடுத்துக்கிட்டு வந்தேன். "ஒரே ஒரு தரம் கேளுங்களேன், ஃபேன் ஓடட்டும், பரவாயில்லை"ன்னேன். அவர் என் கையில இருந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வேண்டாம்மா. அதெல்லாம் நல்லா சுத்தமாத்தான் இருக்கு. நான் கேட்டாத்தான் அழுக்காகுது. நீ வேணும்னா கேளு"ன்னார். சொல்லிட்டு எழுந்து வெளிய போய் மாடிப்படியில உக்காந்துக்கிட்டார், தெருச் சத்தத்துக்கு.

நான் ஃபேனை நிறுத்தினேன். ரேடியோவை நிறுத்தினேன். ரெக்கார்டை வச்சு நெம்பைத் தட்டிவிட்டு, ஊசி மெல்ல இறங்கினதைப் பார்த்துட்டு, அவர் நாற்காலியில உக்காந்து கண்ணை மூடிக்கிட்டேன். பாட்டு வர்றதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் ஒண்ணுமே இல்லை. அவர் சொன்னது இதுதான்னு அப்போதான் எனக்குத் தெரிஞ்சுது. அந்த அம்மா பாட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கறது கூடக் கேட்டுச்சு.

பாட்டு முடிஞ்சதும் கதவைத் திறந்து போய் அவர் பக்கத்துல உக்காந்தேன். "கேட்டியா?"ன்னார். "ம்"னேன். எப்படி இருந்துச்சுன்னு கேட்டார். "பரவாயில்லைங்க, இரைச்சல் கொஞ்சம் இருந்துச்சு"ன்னு சொல்லிட்டேன்.